கிருமியைக் கொல்லும் வைரசை மூச்சில் இழுக்கலாமா?

வைரஸ் என்றதும் கொரோனாக் காலம்தான் நம் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அப்படியிருக்க, நெஞ்சுச் சளிக்கு மருந்தாக ஒரு வைரசையே மூச்சில் இழுக்கச் சொல்கிறார்கள் என்றால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் அமெரிக்கா, பெல்ஜியம், ஜோர்ஜியா, சீனா ஆகிய நாடுகளில் சில நோயாளிகளுக்கு இந்த வைத்தியத்தைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அது என்ன, யாருக்கு உதவும், ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இருக்கும் உங்களுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது என்ன வைரஸ்?

முதலில் பக்டீரியாவையும் வைரசையும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பக்டீரியா என்பது ஒரே ஓர் உயிரணுவால் ஆன கிருமி. அது தானே உணவெடுத்துத் தானே பெருகும். வைரஸ் அதைவிட மிகச் சின்னது. அதற்குத் தனியே பெருகத் தெரியாது. வேறோர் உயிரணுவுக்குள் புகுந்தால்தான் அதற்குப் பிழைப்பு. கொரோனா வைரஸ் மனித உயிரணுவுக்குள் புகும். பக்டீரியாவுக்குள் மட்டுமே புகுகிற வைரஸ்களும் உண்டு. அவற்றுக்கு ஃபேஜ் (பக்டீரியாவை அழிக்கும் வைரஸ்) என்று பெயர்.

அது மனிதருக்குள் புகாதா?

புகுந்து பெருகாது. ஒவ்வொரு ஃபேஜும் ஒரு குறிப்பிட்ட பக்டீரியாவின் மேல்தோலில் இருக்கும் சில பொருள்களைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகும். நம் உயிரணுக்களில் அந்தப் பிடி கிடையாது. மண்ணிலும் தண்ணீரிலும், உங்கள் வாயிலும் குடலிலும்கூட இந்த ஃபேஜ்கள் இப்போதே கோடிக்கணக்கில் இருக்கின்றன.

பக்டீரியாவை அது எப்படிக் கொல்கிறது?

ஃபேஜ் கொல்லும் வழியைப் போலவே ஒரு வேலை நம் மலைகளிலேயே நடந்திருக்கிறது. தேயிலை இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளிருந்து தின்னும் புழு ஒன்று உண்டு. அதை அடக்க 1930களின் நடுவில் ஜாவாத் தீவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். அந்தக் குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளிருந்தே புழுவைத் தின்று வளர்ந்து வெளியே வரும். ஃபேஜ் செய்வதும் ஏறக்குறைய இதுதான். பக்டீரியாவின் மேல் ஒட்டி, தன் மரபுப்பொருளை (உயிரின் செய்முறைக் குறிப்பை) உள்ளே செலுத்தும். பக்டீரியா தன் வேலையை விட்டுவிட்டு ஃபேஜ்களைச் செய்யத் தொடங்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அது வெடித்துச் சாகும். பத்துக்கணக்கில், சில வேளை நூற்றுக்கணக்கில், புது ஃபேஜ்கள் வெளியே வந்து அடுத்த பக்டீரியாவைத் தேடிப் போகும்.

பிறகு வேறொரு பூச்சியைக் கொல்வதற்காகத் தோட்டங்களில் கடுமையான மருந்தடித்தபோது இந்தக் குளவியும் செத்தது. சுருட்டுப் புழு திரும்பப் பெருகியது. அன்டிபயோட்டிக்கிலும் (பக்டீரியாவைக் கொல்லும் மருந்து) இந்தச் சிக்கல் உண்டு. கெட்ட கிருமியோடு குடலிலுள்ள நல்ல கிருமிகளையும் அது அழித்துவிடும். ஃபேஜோ தனக்குரிய கிருமியை மட்டும்தான் தொடும்.

அன்டிபயோட்டிக் இருக்கும்போது இது எதற்கு?

பல கிருமிகள் இப்போது அன்டிபயோட்டிக்குக்கு அடங்குவதில்லை. அரைகுறையாகவும் தேவையில்லாமலும் மருந்து எடுக்க எடுக்க, சாகாமல் தப்பும் பக்டீரியாக்கள் பெருகிவிடுகின்றன. மருந்துக்கு அடங்காத பக்டீரியாவால் நேரடியாக மட்டும் 2019ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால்தான் வைத்தியர்கள் ஃபேஜ் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பா?

இல்லை, நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1915இல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ட்வோர்ட்டும், 1917இல் பாரிசில் ஃபெலிக்ஸ் டெரெல்லும் ஃபேஜைக் கண்டறிந்தார்கள். டெரெல் 1927இல் இந்தியாவுக்கு வந்து காலரா நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார். 1930களில் தேயிலை விளையும் அசாமில் ஜோன் மோரிசன் என்ற வைத்தியர் நவ்கொங் மாவட்டத்துக் கிராமங்களில் ஃபேஜ் மருந்தை ஊர் ஊராகக் கொடுக்கச் செய்தார். அதே காலத்தில்தான் நம் முன்னோர்கள் தோட்டத்துக்கு வரும் வழியில் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டார்கள். அதற்கு ஒரு காரணம் காலராப் பயம்.

பிறகு ஃபேஜை ஏன் மறந்தார்கள்? பெனிசிலின் வந்தது. எந்தக் கிருமி என்று தேடாமலே ஒரே ஊசி பல நோய்க்குக் கேட்டது. அதோடு, அந்தக் காலத்து ஃபேஜ் மருந்துகள் சுத்தமாகவும் ஒரே தரத்திலும் தயாரிக்கப்படவில்லை. ஜோர்ஜியா நாட்டின் திபிலீசி நகரில் 1923இல் தொடங்கிய எலியாவா நிலையமோ இதை விடாமல் செய்துவந்தது. இன்றும் செய்கிறது.

ஃபேஜ் ஆற்றில் இருக்கிறது என்றால் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தால் போதாதா?

இந்தச் சந்தேகம் உங்களுக்கு வந்திருந்தால் அதில் தப்பில்லை. கங்கை, யமுனைத் தண்ணீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்று எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆராய்ச்சியாளர் 1896லேயே எழுதினார். ஆனால் ஃபேஜ் அதிகம் இருக்கும் தண்ணீர் என்றால், அது தின்னும் பக்டீரியாவும் அங்கே அதிகம் என்று அர்த்தம். ஆராய்ச்சியாளர்கள் ஃபேஜைத் தேடிப் போவதே கழிவுநீர்க் கால்வாய்களுக்குத்தான். அங்கிருந்து எடுத்து, பிரித்து, சுத்தமாக்கி, சோதித்த பிறகுதான் அது மருந்து. ஆற்றுத் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் எப்போதும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

ஏன் மூச்சில் இழுக்க வேண்டும்? ஊசி போட்டால் போதாதா?

ஊசியாகவும் கொடுப்பதுண்டு. ஆனால் இரத்தத்தில் போகும் ஃபேஜின் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் வடிகட்டிவிடும். நுரையீரலுக்குள் கெட்டியான சளியில் குடியிருக்கும் கிருமிக்கு நேரே மருந்தை அனுப்ப மூச்சுவழிதான் குறுக்குவழி. நெபுலைசர் (திரவ மருந்தை மெல்லிய புகைபோல் ஆக்கும் கருவி) வழியாகக் கொடுப்பார்கள். இளைப்பு வந்தால் ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்துப் புகை பிடிக்க வைப்பார்களே, அதே கருவிதான்.

ஆனால் எல்லா நெபுலைசரும் இதற்குச் சரிவராது. சில கருவிகளின் வேகத்தில் ஃபேஜின் வால் உடைந்து, மருந்து பாதியிலேயே செத்துப்போகும். அதனால் எந்த ஃபேஜுக்கு எந்தக் கருவி என்று முன்கூட்டியே சோதிக்கிறார்கள். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஃபேஜைச் சர்க்கரை வகைகளோடு உலர்த்தித் தூளாக்கி, மூச்சில் இழுக்கும்படி செய்து பார்க்கிறார்கள். குளிர்ப்பெட்டி இல்லாமலே அந்தத் தூளை வைத்திருக்க முடிந்தால், நம்மைப் போன்ற மலை ஊர்க்காரர்களுக்கு அது பெரிய வசதி.

யாருக்காவது குணமாகியிருக்கிறதா?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (பிறவியிலேயே சளி கெட்டியாகிப்போகும் நோய்) உள்ள ஒன்பது பேருக்கு ஃபேஜை மூச்சில் கொடுத்தார்கள். அவர்கள் சளியில் இருந்தது சூடோமோனாஸ் (ஈரமான இடங்களில் வாழும், மருந்துக்கு எளிதில் அடங்காத ஒரு பக்டீரியா). சளியில் அந்தக் கிருமி மிகவும் குறைந்தது. மூச்சு ஊதும் அளவு நடு மதிப்பில் நூற்றுக்கு ஆறு அளவில் கூடியது. பெரிய பக்கவிளைவு எதுவும் இல்லை. 2025இல் இந்த முடிவுகள் வெளிவந்தன.

இதில் அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. பக்டீரியா ஃபேஜிடமிருந்தும் தப்பப் பார்க்கும். அது பிடிபடும் இடத்தை மாற்றிக்கொள்ளும். ஆகவே, எதை மாற்றினால் பக்டீரியா தன் பலத்தை இழக்குமோ அந்த இடத்தைப் பிடிக்கும் ஃபேஜாகத் தேர்ந்தெடுத்தார்கள். தப்பும் கிருமி பழைய அன்டிபயோட்டிக்குக்கே அடங்கக்கூடும், அல்லது அதன் வீரியம் குறையும்.

பெல்ஜியத்தில் இராணுவ ஆஸ்பத்திரி ஒன்றின் தலைமையில், 12 நாடுகளில் ஃபேஜ் பெற்ற 100 நோயாளிகளின் விவரங்களை 2024இல் வெளியிட்டார்கள். நுரையீரல் நோய், எலும்பு நோய், புண் என்று எல்லாம் அதில் உண்டு. நூற்றுக்கு 77 பங்கு நோய்களில் நிலைமை தேறியது. நூற்றுக்கு 61 பங்கில் அந்தக் கிருமியே இல்லாமல் போனது. அன்டிபயோட்டிக்கைச் சேர்க்காமல் ஃபேஜை மட்டும் கொடுத்தவர்களில் கிருமி முழுதாக ஒழிவது மிகக் குறைவாக இருந்தது. அதாவது ஃபேஜ் வந்தால் அன்டிபயோட்டிக் வேண்டாம் என்பதில்லை. இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

அப்படியானால் நிரூபணம் ஆகிவிட்டதா?

இன்னும் இல்லை. மேலே சொன்னவை கடைசி வழியாகக் கொடுத்துப் பார்த்தவை. ஒரு கூட்டத்துக்கு மருந்து, இன்னொரு கூட்டத்துக்கு வெறும் உப்புநீர் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய சோதனைகளில் தேறினால்தான் அது எல்லாருக்குமான மருந்தாகும். மூச்சில் இழுக்கும் ஃபேஜுக்கு அப்படிப்பட்ட சோதனைகள் இப்போதுதான் படிப்படியாக நடந்துவருகின்றன. ஐரோப்பாவில் தீப்புண்ணுக்குச் செய்த சோதனை ஒன்று தோற்றும் போனது. அங்கே மருந்திலிருந்த ஃபேஜ்கள் நோயாளியிடம் போகுமுன்பே பெருமளவு செத்திருந்தன.

என்னுடைய நோய்க்கு இது கேட்குமா?

இதுதான் உங்களுக்கு முக்கியமான கேள்வி. ஒவ்வொரு நோயாகப் பாருங்கள்.

தடிமன், இன்ஃபுளுவென்சா, கொரோனா: கேட்காது. இவை வைரசால் வருபவை. ஃபேஜ் பக்டீரியாவை மட்டுமே கொல்லும்.

இளைப்பு (ஆஸ்துமா): கேட்காது. அது மூச்சுக்குழாய் சுருங்குவதால் வருவது. அதற்கு இன்ஹேலர்தான் மருந்து.

டீபி (காசநோய்): இப்போதைக்கு இல்லை. டீபிக் கிருமி நம் உயிரணுக்களுக்குள் ஒளிந்திருக்கும். ஃபேஜ் அங்கே போய்ச் சேருவது கடினம். ஃபேஜை மூச்சில் கொடுத்து எலிகளில் சோதித்திருக்கிறார்களே தவிர, டீபி நோயாளிகளுக்கு அது வைத்தியமாக இல்லை. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் ஃபேஜை வேறு வழியில் பயன்படுத்தினார்கள். மின்மினிப் பூச்சிக்கு வெளிச்சம் தரும் மரபணுவை ஃபேஜில் ஏற்றி, சளியிலிருந்து வளர்த்த டீபிக் கிருமியை ஒளிர வைத்துக் கண்டுபிடிக்கும் முறை அது. நோயைக் கண்டுபிடிக்க உதவுவது வேறு, குணமாக்குவது வேறு. டீபிக்கு ஆறு மாத மாத்திரை இருக்கிறது, அது குணமாக்கும், அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. புது மருந்து வரும் என்று காத்திருந்து அதை நிறுத்தவே கூடாது.

பிரொங்கியெக்டேசிஸ் (மூச்சுக்குழாய் அகன்று, நிரந்தரமாகச் சளி தேங்கும் நோய்): ஃபேஜ் உதவக்கூடும் என்று எதிர்பார்ப்பது இங்கேதான். வருடக்கணக்காகத் தினமும் மஞ்சள் அல்லது பச்சைச் சளி வருகிறதா? சின்ன வயதில் கடுமையான நிமோனியாவோ, முன்பு டீபியோ வந்து குணமானதா? அப்படியானால் இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இந்த நோயுள்ள 2,195 பேரைப் பதிவுசெய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு டீபி விட்டுப்போன தழும்புதான் காரணம். அவர்கள் சளியில் அதிகம் கண்ட கிருமி, யேலில் ஃபேஜ் கொடுத்த அதே சூடோமோனாஸ்.

புகையாலும் விறகடுப்பாலும் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு: அந்த அடைப்பையே ஃபேஜ் திறக்காது. ஆனால் அந்த நோயாளிக்கு அடங்காத பக்டீரியா தொற்றினால் உதவலாம். சீனாவில் இப்படி ஒரு 88 வயதுக்காரருக்கு நுரையீரலில் அடங்காத கிருமி பிடித்தபோது, நெபுலைசரில் ஃபேஜ் கொடுத்து அந்தத் தொற்றை நீக்கினார்கள்.

பயப்பட ஒன்றும் இல்லையா?

இதுவரை கண்ட பக்கவிளைவுகள் பெரும்பாலும் இலேசானவை. பக்டீரியாக்கள் கூட்டமாக வெடிக்கும்போது சிலருக்குக் காய்ச்சலும் குளிரும் வரலாம். உடலே ஃபேஜுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாக்கி அதன் பலனைக் குறைக்கலாம். பக்டீரியாவுக்குள் கொல்லாமல் சும்மா தங்கிவிடும் ஃபேஜ்களும் உண்டு. அவை கிருமிக்கு நஞ்சுக் குணங்களைக்கூட ஏற்றிவிடலாம் என்பதால், ஆய்வகத்தில் அவற்றை விலக்கிவிட வேண்டும். பெரிய தடை நேரம்தான். ஒருவருடைய கிருமிக்குப் பொருந்தும் ஃபேஜ் அடுத்தவருக்குப் பொருந்தாமல் போகலாம். பொருத்தமானதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சில நாளோ சில மாதமோ ஆகும்.

இங்கே கிடைக்குமா?

இலங்கையில் இது ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுக்கும் மருந்தாகவோ பார்மசியில் வாங்கும் மருந்தாகவோ இல்லை. தமிழ்நாட்டில் வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. அங்கே நடப்பது ஆராய்ச்சி. நோயாளிகளுக்கு மருந்து விற்பதில்லை. இணையத்தில் ‘ஃபேஜ்’ என்று பெயர் போட்டுக் குடல் நலத்துக்கான மாத்திரைகள் வருகின்றன. அவை நுரையீரல் நோய்க்கு அல்ல. பணத்தைக் கொட்டாதீர்கள். எதையும் வீட்டு நெபுலைசரில் ஊற்றி இழுக்கவும் வேண்டாம்.

சரி, நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளியைச் சோதிக்கக் கொடுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி டிக்கோயா அல்லது நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்கலாம். மாவட்ட மார்பு நோய்க் கிளினிக்கில் டீபிச் சோதனை இலவசம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் (கூலி) போய்விடுமே என்ற கவலை உங்களுக்கு இருக்கும். அது நியாயமான கவலைதான். ஆனால் நுரையீரல் கெட்டால் மலை ஏறிக் கொழுந்தெடுக்கவே முடியாமல் போகும். ஒரு நாள் பேரை விட அது பெரிய நட்டம்.

ஏன் சளிச் சோதனைக்கு இவ்வளவு அழுத்தம்? ஃபேஜ் வைத்தியமோ சாதாரண வைத்தியமோ, முதல் படி ஒன்றுதான்: எந்தக் கிருமி என்று தெரிய வேண்டும். நாட்பட்ட சளி உள்ளவர்கள் வைத்தியரிடம், ‘டொக்டர், சளிக் கல்ச்சர் செய்யலாமா?’ என்று கேளுங்கள். கல்ச்சர் என்பது சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை. அந்த ரிப்போட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சளியை எப்படிக் கொடுப்பது? காலையில் எழுந்ததும், சாப்பிடுமுன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்புங்கள். எச்சில் பயன்படாது; கெட்டிச் சளி வேண்டும். மூடியை இறுக்கி அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். கல்ச்சருக்கு என்றால் அன்டிபயோட்டிக் தொடங்குமுன் கொடுப்பது நல்லது.

அன்டிபயோட்டிக் விஷயத்தில் மூன்று பழக்கங்களை விடுங்கள். சீட்டு இல்லாமல் கடையில் ரெண்டு கப்சூல் வாங்கி விழுங்குவது, காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்துவது, மீதியைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுப்பது. ஃபேஜ் தேவைப்படும் அளவுக்குக் கிருமிகளை அடங்காதவையாக ஆக்கியதில் இப்படிப்பட்ட பழக்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

வீட்டில் நெபுலைசர் வைத்திருக்கிறீர்களா? சூடோமோனாஸ் ஈரத்தில் வளரும் கிருமி. ஒவ்வொரு முறையும் மருந்துக் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதித்தாறிய நீரில் அலசி, முழுதாகக் காய வையுங்கள். மருந்தோடு குழாய்த் தண்ணீரைக் கலக்கவே கூடாது.

லயன் அடுப்படிப் புகையையும் குறையுங்கள். காய்ந்த விறகை எரியுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், கைக்குழந்தையை அடுப்பருகே வைத்திருக்காதீர்கள். புகையால் புண்பட்ட நுரையீரலில்தான் கிருமி எளிதில் தங்கும்.

இருமலில் இரத்தம், பேச முடியாத மூச்சுத்திணறல், உதடு நீலமாவது, கடும் காய்ச்சலோடு நெஞ்சுவலி: இதில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

மூச்சில் இழுக்கும் ஃபேஜ் நாளைக்கு இங்கேயும் வரலாம். வந்தாலும், தன் சளியில் இருக்கும் கிருமி எது என்று தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். ஆகவே இரண்டு கிழமை தாண்டிய இருமல் உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இருந்தால், இந்தக் கிழமையே போய்ச் சளியைச் சோதிக்கக் கொடுத்துவிடுங்கள்.